நாஸ் டிரைவ் ஏன் துண்டிக்கப்படுகிறது? காரணத்தைக் கண்டறியும் முறை

நாஸ் என்பது வீட்டு வலையமைப்பில் இணைந்து, பல கருவிகளுக்கும் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி. வலையமைப்பின் வழியாக இணைக்கப்பட்ட அதன் டிரைவ், கணினியில் இசட் என்றோ ஒய் என்றோ ஓர் எழுத்தைப் பெற்று, மற்ற டிரைவுகளின் வரிசையில் நிற்கிறது. நேற்று இரவு வரை அதில் கோப்புகளைத் திறந்திருப்போம். இன்று காலை அதன் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி தெரியும். ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டதோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்கள் எல்லாம் போய்விட்டனவோ என்று மனம் பதறுவது இயல்பு. ஆனால் அந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த நேரத்தில் கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே பேச்சு நடக்கவில்லை. பேச்சு ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை. தரவின் நிலையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்கைப் போலவே நாஸையும் கருதுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. யூ.எஸ்.பி. டிஸ்க் ஒரு கம்பியால் கணினியுடன் நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. கம்பி இருந்தால் இணைப்பு, இல்லையென்றால் இல்லை. நாஸ் என்பதோ, தனக்கென்று செயலியும் நினைவகமும், பெரும்பாலும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயக்க முறைமையும் உடைய தனிக் கணினி. சைனாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்களின் பெட்டியாக இருந்தாலும், பழைய கணினியில் ட்ரூநாஸ் என்னும் நாஸ் மென்பொருளை நிறுவி நாமே அமைத்ததாக இருந்தாலும் இது பொருந்தும். நம் கணினியில் தெரியும் இசட் என்ற எழுத்து உண்மையில் ஒரு நினைவுக் குறிப்பு மட்டுமே: இந்த முகவரியில் இருக்கும் கணினியிடம் போய், இந்தப் பயனரின் பெயரைச் சொல்லி, இந்தக் கோப்புறையைத் திறந்து காட்டு என்பதே அதன் பொருள்.

அந்தக் குறிப்பு செயல்படுவதற்கு ஐந்து காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ இரு கணினிகளும் ஒரே வலையமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். நாஸுக்கு ஓர் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், இருக்க வேண்டும். நாம் பெயரைக் கொண்டு அழைத்தால் அந்தப் பெயர் சரியான முகவரிக்கு இட்டுச்செல்ல வேண்டும். இரண்டும் ஒரே மொழியில் பேச வேண்டும். இறுதியாக, நம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நாஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே மொழி என்று நான் குறிப்பிடுவது எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை. அது 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி, பின்னர் விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையாக வளர்ந்தது. விண்டோஸ் அல்லாத கணினிகளும் அம்மொழியைப் பேசுவதற்கு, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள் வழிசெய்தது. இன்றைய நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இயங்குவது அதுவே. இந்த ஐந்தில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது அதே சிவப்புக் குறி என்பதால்தான், ஒருவருக்குப் பலித்த தீர்வு இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

எப்போது அறுகிறது என்று முதலில் பாருங்கள்

பிழைச் செய்தியைவிட, துண்டிப்பு நிகழும் நேரமே காரணத்தை அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்பு, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு தாளில் குறித்து வாருங்கள்: கணினியைத் தொடங்கியவுடனேயா, சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்ட பிறகா, பெரிய கோப்பை நகலெடுக்கும்போதா, மின்சாரம் போய்வந்த பிறகா, கடவுச்சொல்லை மாற்றிய பிறகா, விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகா? அதே நேரத்தில் வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலோ கைப்பேசியிலோ நாஸ் திறக்கிறதா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். எல்லாக் கருவிகளிலும் போயிருந்தால் நாஸின் பக்கமோ ரூட்டரின் பக்கமோ தேட வேண்டும். ஒரு கணினியில் மட்டும் போயிருந்தால் அந்தக் கணினியோடு தேடல் முடிந்துவிடும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைக் குறைத்துவிடுகிறது.

பயன்படுத்தாமல் விட்ட பிறகு சிவப்புக் குறி தோன்றி, டிரைவின் மேல் இருமுறை சொடுக்கியதும் திறந்துகொண்டால் அது பழுதே இல்லை. கோப்புறையைப் பகிரும் கணினி விண்டோஸாக இருந்தால், 15 நிமிடங்கள் எந்தப் போக்குவரத்தும் இல்லாத இணைப்பை அது தானாகவே மூடிவிடுவது இயல்பிருப்பு ஏற்பாடு. பேச்சில்லாத இணைப்புகளைத் திறந்தே வைத்திருந்து வளங்களை வீணாக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். நாம் மீண்டும் தொட்டதும் இணைப்பு புதிதாக உருவாகிறது. அதனால் குறியைப் பார்த்துக் கவலைப்படாமல், ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள். சில பழைய கணக்கியல் மென்பொருள்களும் காப்புநகல் மென்பொருள்களும் மட்டும் இணைப்பு எப்போதும் திறந்திருக்கும் என்று எதிர்பார்த்து, அது மூடியதும் பிழை காட்டி நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட நிலையில், பகிரும் விண்டோஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, நெட் கான்ஃபிக் செர்வர் என்னும் கட்டளையில் ஆட்டோடிஸ்கனெக்ட் என்ற மதிப்பை -1 என்று அமைத்தால், அந்தக் காலவரம்பு நீங்கிவிடும்.

நாஸ் பெட்டியில் இதற்கு நெருங்கிய வேறொரு காரணம் உண்டு. சிறிது நேரம் யாரும் தொடவில்லை என்றால், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக ஹார்டு டிஸ்குகளின் சுழற்சியை நாஸ் நிறுத்திவிடுகிறது. மீண்டும் கேட்கும்போது டிஸ்குகள் சுழலத் தொடங்கி முழு வேகத்தை அடையப் பல விநாடிகள் ஆகும்; டிஸ்குகள் பல இருந்து, அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுமானால் இன்னும் கூடுதலாகும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதுவரை பொறுமையாகக் காத்திருக்கும். எல்லா மென்பொருளும் காத்திருப்பதில்லை. நாஸின் அமைப்புப் பக்கத்தில் டிஸ்க் உறக்கத்திற்கான நேரத்தை நீட்டியோ, பகல் நேரத்தில் உறக்கமே வேண்டாம் என்று அமைத்தோ பார்க்கலாம். நம் கணினியும் இதே போல உறங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மடிக்கணினிகளில், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வலையமைப்பு அடாப்டரின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திற்குச் சென்றால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்னும் பொருளுடைய ஒரு தேர்வுப்பெட்டி இருக்கும். அதன் குறியை நீக்குவதால், மூடித்திறந்த மடிக்கணினியில் நாஸ் காணாமல் போவது பல நேரங்களில் நின்றுவிடுகிறது.

காலையில் மட்டும் வராத டிரைவ்

கணினியைத் தொடங்கியதும், எல்லா நெட்வொர்க் டிரைவுகளையும் மீண்டும் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு திரையின் மூலையில் தோன்றி, சிறிது நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் சரியாக இருப்பது மிகப் பரவலான சிக்கல். இங்கே நாஸ் மீது எந்தக் குற்றமும் இல்லை. பயனர் உள்நுழைந்ததும் விண்டோஸ் தன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு டிரைவுகளைத் தேடப் புறப்படுகிறது; அந்த நேரத்தில் வைஃபை இன்னும் இணைந்திருக்காது, அல்லது இணைந்தும் ஐ.பி. முகவரி கிடைத்திருக்காது. எஸ்.எஸ்.டி. பொருத்திய கணினிகள் விரைவாக எழுந்துவிடுவதால் இந்த இடைவெளி முன்னைவிட அதிகமாக உணரப்படுகிறது.

லேன் கேபிளில் இணைப்பது இதற்கு எளிய மாற்று. விண்டோஸின் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள், குரூப் பாலிசி அமைப்புகளில், கணினி தொடங்கும்போதும் உள்நுழையும்போதும் வலையமைப்புக்காகக் காத்திருக்கச் செய்யும் விதியை இயக்கலாம். ஹோம் பதிப்பில், டிரைவை இணைக்கும் கட்டளையை ஒரு சிறு கோப்பில் எழுதி, உள்நுழைந்து அரை நிமிடம் கழித்து அது இயங்குமாறு டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்பாடு செய்யலாம்.

மின்சாரம் போய்வரும்போதும் இதே நேரப் பிசகுதான் நிகழ்கிறது. மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ரூட்டர் ஓரிரு நிமிடங்களில் எழுந்துவிடும். நாஸ் முழுமையாக எழுந்து கோப்புறைகளைப் பகிரத் தொடங்க இன்னும் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திடீரென அணைந்த நாஸ், எழுந்தவுடன் டிஸ்குகளின் ஒழுங்கைச் சரிபார்க்கவும் தொடங்கலாம். அப்போது அது வழக்கத்தைவிட மெதுவாகவே பதிலளிக்கும். அந்த நேரத்தில் அதை மறுபடியும் அணைத்துப் போடுவது கெடுதலையே செய்யும். மின்தடை வழக்கமான ஊர்களில் நாஸுக்கு யூ.பி.எஸ். இன்றியமையாதது என்று நான் கருதுகிறேன். யூ.எஸ்.பி. கம்பியால் நாஸுடன் பேசக்கூடிய யூ.பி.எஸ். ஆக இருந்தால், பேட்டரி தீரும் முன்பே நாஸ் தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளும். ரூட்டரையும், பல லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியான ஸ்விட்சையும் அதே யூ.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுங்கள், நாஸ் விழித்திருந்தும் ரூட்டர் அணைந்துவிட்டால் பயனில்லை.

முகவரி மாறிவிடும்போது

பல நாள்கள் நன்றாக ஓடிவிட்டு, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் டிரைவ் காணாமல் போனால், ஐ.பி. முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ரூட்டரில் உள்ள டி.எச்.சி.பி. என்னும் சேவை. அது முகவரியைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகைக்கு விடுகிறது. குத்தகையைப் புதுப்பிக்கும்போது பொதுவாக அதே முகவரி திரும்பக் கிடைக்கும் என்றாலும், ரூட்டரின் நினைவு அழிந்தாலோ நாஸ் நீண்ட நேரம் அணைந்திருந்தாலோ வேறு முகவரி கிடைக்கக்கூடும். நம் கணினியின் குறிப்பில் 192.168.1.20 என்று இருக்க, நாஸ் 192.168.1.34 என்ற முகவரியில் குடியேறியிருக்கும். பழைய முகவரியில் இப்போது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கூட இருக்கலாம். அது நம் கோரிக்கைக்குப் பதில் சொல்லாது.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், நாஸின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் அடையாள எண்ணை, குறிப்பிட்டு, இதற்கு எப்போதும் இந்த ஐ.பி. முகவரியையே கொடு என்று ஒதுக்கிவைப்பதே நிலையான தீர்வு. நாஸுக்குள்ளேயே முகவரியை நிலையாக எழுதிவைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்பவர்கள், ரூட்டர் மற்ற கருவிகளுக்கு வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், ரூட்டர் அதே எண்ணை ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிடும். இரு கருவிகள் ஒரே முகவரியில் இருக்கும்போது நாஸ் சில நிமிடங்கள் வரும், சில நிமிடங்கள் மறையும். எந்த ஒழுங்கிலும் அடங்காத துண்டிப்பைக் கண்டால், அந்த நேரங்களில் வீட்டுக்கு யாராவது கைப்பேசியுடன் வந்திருந்தார்களா என்று கூட யோசித்துப் பார்க்கலாம்.

பெயரால் வரும் சிக்கல் இதன் உடன்பிறப்பு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று எண்ணாகத் தட்டச்சு செய்தால் கோப்புறைகள் தெரிகின்றன, நாஸின் பெயரைத் தட்டச்சு செய்தால் தெரிவதில்லை என்றால், கேபிளும் முகவரியும் கடவுச்சொல்லும் சரியாக இருக்கின்றன, பெயரிலிருந்து முகவரியைக் கண்டறியும் படி மட்டுமே தவறுகிறது என்று பொருள். முகவரியை ஒதுக்கிவைத்த பிறகு, டிரைவைப் பெயருக்குப் பதில் எண்ணைக் கொண்டே மேப் செய்துவிட்டால், அதாவது ஓர் எழுத்துக் கொடுத்து இணைத்துவிட்டால், இந்தப் படியே தேவைப்படாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் நெட்வொர்க் என்ற பகுதியில் நாஸ் தெரியவில்லை என்பதை மட்டும் ஒரு சான்றாகக் கொள்ளாதீர்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் முறை வேறு, கோப்புகளைத் திறக்கும் முறை வேறு. பட்டியலில் இல்லாத நாஸ், முகவரியைத் தட்டச்சு செய்ததும் நன்றாகத் திறந்துகொள்வதைப் பலமுறை காணலாம்.

நகலெடுக்கும்போது நின்றுவிட்டால்

கோப்புறைப் பட்டியல் நன்றாகத் தெரிகிறது, சிறு கோப்புகள் திறக்கின்றன, ஆனால் பல ஜி.பி. அளவுள்ள காணொளியை நகலெடுக்கும்போது மட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது என்பது, நான் மேலே சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது. பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவை எல்லாம் சரி என்பதைத் தொடக்கத்தில் கிடைத்த வெற்றியே நிறுவிவிட்டது. சுமை ஏறும்போது தளரும் பகுதியை மட்டும் தேடினால் போதும்.

முதலில் நகலெடுக்கும் வேகத்தைப் பாருங்கள். ஒரு கிகாபிட் வேகமுள்ள கேபிள் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்று, டிஸ்குகள் ஈடுகொடுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 110 எம்.பி. வேகத்தில் செல்லும். அது எப்போதும் 11 எம்.பி. அளவிலேயே நின்றால், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரே ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியாவிட்டாலும், மேசைக்கடியில் மிதிபட்டு உடைந்தாலும், இரு பக்கக் கருவிகளும் சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு ஒப்புக்கொள்கின்றன. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி என்றால் வேகம் ஏறியிறங்கி, ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து மீளும். புதிய கேபிள் ஒன்றை மாற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு; மென்பொருள் அமைப்புகளில் மணிக்கணக்காகத் தேடுவதற்கு முன்பு அதைச் செய்துவிடுங்கள். ஸ்விட்சில் வேறொரு துளைக்கு மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அறுபடும் இடம் எது என்பதைப் பிரித்தறிய, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் என்னும் எளிய கட்டளை போதும். கமாண்ட் பிராம்ப்ட்டில் இரு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் நாஸின் முகவரிக்கும் இடைவிடாமல் பிங் போகும்படி விட்டுவிட்டு, சிக்கல் தரும் கோப்பை நகலெடுக்கத் தொடங்குங்கள். துண்டிப்பு நிகழும் தருணத்தில் இரண்டு சாளரங்களிலும் பதில் நின்றால், நம் கணினியின் கேபிளோ வைஃபையோ அடாப்டரோ அறுகிறது. ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, நாஸ் மட்டும் மௌனமானால், நாஸின் கேபிள், நாஸ் செருகியிருக்கும் துளை, அல்லது நாஸே காரணம். இரண்டும் தொடர்ந்து பதில் சொல்லும்போதே நகலெடுப்பு நின்றால், வலையமைப்பு உயிரோடுதான் இருக்கிறது; எஸ்.எம்.பி. சேவையோ டிஸ்கோ தடுமாறுகிறது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடங்கள் போதும். இதைச் செய்யாமல் ரூட்டரை மாற்றுபவர்களையும் நாஸை மாற்றுபவர்களையும் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

வைஃபையில் நகலெடுப்பவர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் புளூடூத் கருவிகளும் நெரிசலை உண்டாக்குகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வேகமும் நிலைத்தன்மையும் கூடும், ஆனால் சுவர்களைத் தாண்டும் வலு குறையும். நாஸையாவது கேபிளில் வைத்திருங்கள். இரு முனைகளும் காற்றில் இருந்தால் ஒவ்வொரு தரவும் இருமுறை அதே நெரிசலைக் கடக்க வேண்டியிருக்கும்.

வலையமைப்பு அமைப்புகளைத் தாமே மாற்றிப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட்டுகள். வேகத்தைக் கூட்டும் என்று கேள்விப்பட்டு, நாஸில் மட்டும் அதை 9000 பைட்டுகள் என்று மாற்றி, ஸ்விட்சிலோ கணினியிலோ மாற்றாமல் விட்டால், சிறிய பேச்சுகள் எல்லாம் நடக்கும். பெரிய பொட்டலங்கள் வழியில் தொலைந்துபோகும். கோப்புறைப் பட்டியல் தெரிந்தும் நகலெடுப்பு உறைந்து நிற்கும். வீட்டு வலையமைப்பில் 1500 என்பதையே வைத்துக்கொள்வது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நகலெடுப்பு நின்றால், நாஸின் மேலாண்மைப் பக்கத்தில் டிஸ்குகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். வீணான பகுதிகளை ஒதுக்கி மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், டிஸ்க் தன் முடிவை நெருங்குகிறது. அத்தகைய டிஸ்க், படிக்க முடியாத ஓரிடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று நாஸ் முழுவதையும் காக்கவைக்கும்; கணினி அதைத் துண்டிப்பாகக் காண்கிறது. அந்நிலையில் எந்த ஆராய்ச்சிக்கும் முன்பு முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். நாஸில் இரண்டு டிஸ்குகள் ஒன்றுக்கொன்று பிரதியாக இயங்குகின்றன என்பது காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒரே நொடியில் அழிகிறது.

கடவுச்சொல்லும் மொழியும்

நாஸின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு தொடங்கும் சிக்கலில் ஒரு வலை ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் பழைய கடவுச்சொல்லைக் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்திருக்கிறது. நமக்குத் தெரியாமலேயே பின்னணியில் அதைக் கொண்டு மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுகிறது. யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கிறார்கள் என்று நாஸ் எண்ணி, அந்தக் கணினியின் முகவரியையே தடைசெய்துவிடுகிறது. பல நாஸ் பெட்டிகளில் இத்தகைய தானியங்கித் தடை உண்டு. அதன்பின் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் கதவு திறப்பதில்லை. மற்றொரு கணினியிலிருந்து நாஸின் மேலாண்மைப் பக்கத்துக்குச் சென்று தடைப்பட்டியலிலிருந்து நம் முகவரியை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் நாஸுக்குரிய பழைய பதிவுகளை அழித்து, டிரைவைப் புதிதாக மேப் செய்ய வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் என்னும் கட்டளையால் டிரைவை இணைக்க முயன்றால், தோல்வியோடு ஓர் எண்ணும் கிடைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் பொதுவான செய்தியைவிட அது தெளிவானது. 53 என்றால் அந்தக் கணினியையே கண்டடைய முடியவில்லை. 67 என்றால் கணினி இருக்கிறது, நாம் கேட்ட கோப்புறையின் பெயர் அங்கே இல்லை. 86 என்றால் கடவுச்சொல் தவறு. 5 என்றால் அனுமதி இல்லை. 1219 என்பது பலரையும் திகைக்கவைப்பது: ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரு வேறு பயனர் பெயர்களால் இணைய விண்டோஸ் அனுமதிப்பதில்லை என்பதே அதன் பொருள். பழைய இணைப்புகளை முழுவதுமாக நீக்கிவிட்டு ஒரே பெயரால் இணைந்தால் அது தீரும்.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு நாஸ் அடியோடு மறைந்தால், மொழியின் பதிப்பைச் சந்தேகியுங்கள். எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தியே 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னகிரை என்னும் பிணைத்தொகைத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக் கூட முடக்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிய நிறுவல்களில் அந்த முதல் பதிப்பு இயல்பிருப்பாகச் சேர்க்கப்படுவதில்லை. முதல் பதிப்பை மட்டுமே பேசத் தெரிந்த பழைய நாஸ்கள் அதனால் புதிய கணினிகளுக்குத் தெரியாமல் போயின. விண்டோஸின் அம்சப் பட்டியலில் அதை மீண்டும் இயக்கலாம் என்று பலர் அறிவுரை கூறுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பை இயக்குங்கள். அதற்கு வழியே இல்லாத பெட்டி என்றால், உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே பாதுகாப்பு. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பும் இதே திசையில் இன்னொரு படி சென்றிருக்கிறது. அனுப்பும் தரவில் கையொப்பம் இருக்க வேண்டும் என்று அதன் புரோ போன்ற பதிப்புகள் கேட்கின்றன. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை அதன் புரோ பதிப்பு ஏற்பதில்லை. வீடுதானே என்று கடவுச்சொல் இல்லாமல் நாஸைத் திறந்து வைத்திருந்தவர்கள் அதில் தமக்கென ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

தவறான வலையமைப்பில் நிற்கும் கணினி

அலுவலக வேலைக்காக, வெளியிலிருந்து ஒரு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியான வி.பி.என். இயங்கும்போது மட்டும் நாஸ் மறைந்தால், எல்லாப் போக்குவரத்தையும் வி.பி.என். தன் வழியே இழுத்துக்கொள்கிறது என்று அறியலாம். உள்ளூர் வலையமைப்பை அனுமதிக்கும் தேர்வு பல வி.பி.என். மென்பொருள்களில் உண்டு, அலுவலகம் அதைப் பூட்டிவைத்திருந்தால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. விருந்தினர் வைஃபையில் கணினி சேர்ந்திருந்தாலும், பொதுவாக இணையம் கிடைக்கும், நாஸ் கிடைக்காது. விருந்தினர்களை வீட்டுக் கருவிகளிடமிருந்து பிரித்துவைப்பதற்காகவே அந்த ஏற்பாடு இருக்கிறது. இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியும் வைஃபை பரப்ப, நாம் வாங்கிய ரூட்டரும் வைஃபை பரப்பும் வீடுகளில், நாஸ் ஒன்றிலும் கணினி மற்றொன்றிலும் சேர்ந்துவிடுவதுண்டு. கணினியின் முகவரி 192.168.0 என்றும் நாஸின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கினால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். நம் ரூட்டரை வெறும் வைஃபை பரப்பியாக இயங்கும்படி அமைத்தால் இரண்டும் ஒரே வலையமைப்பாகிவிடும்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன பெரும்பாலானவை பொருந்தும். ஏ.எஃப்.பி. என்னும் ஆப்பிளின் பழைய நெறிமுறையால் நாஸை இணைத்திருந்தால் எஸ்.எம்.பி.க்கு மாறிவிடுங்கள், 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து ஆப்பிளே அதைத்தான் முதன்மையாகப் பயன்படுத்துகிறது. 2024இல் வந்த சிக்கோயா பதிப்பில், உள்ளூர் வலையமைப்பை அணுக ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி கேட்கப்படுகிறது. மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டரில் திறக்கும் நாஸ், வெளியார் உருவாக்கிய ஒரு செயலிக்கு மட்டும் தெரியவில்லை என்றால், தனியுரிமை அமைப்புகளில் அந்த அனுமதியைப் பாருங்கள்.

வெளியூரிலிருந்தும் நாஸைத் திறக்க வேண்டும் என்பதற்காக, எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445 என்ற வாயிலை ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வீட்டு ரூட்டரிலோ நாஸிலோ வி.பி.என். சேவையை அமைத்து, அதன் வழியாக நுழைவதே முறை.

திருத்தத்தைச் செய்து முடித்ததும் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை அறுந்துகொண்டிருந்த இணைப்பு சரியாகிவிட்டது என்று ஒரு மணி நேரச் சோதனையால் சொல்ல முடியாது. குறைந்தது பத்து நாள்களாவது அதே தாளில் குறித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதனால் பயனில்லை என்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். துண்டிப்பு நிகழ்ந்த நாள்களில் நகலெடுத்த கோப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விண்டோஸ் நகலெடுக்கத் தொடங்கும்போதே கோப்பின் முழு அளவுக்கும் இடத்தை ஒதுக்கிவிடுவதால், பாதியில் அறுந்த காணொளி கூட நாஸில் முழு அளவைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடும். அதை நம்பிக் கணினியில் இருக்கும் மூலக் கோப்பை அழித்துவிடாமல், நாஸில் இருப்பதை இறுதி வரை ஓடவிட்டுப் பார்த்து, குறை இருந்தால் அந்தப் பிரதியை நீக்கிவிட்டுப் புதிதாக நகலெடுங்கள்.